மாடித்தோட்டத்துல காலிபிளவர்: விதையில இருந்து பூ வரைக்கும்

செடி தளதளன்னு வருது ஆனா பூவே பிடிக்கலன்னு நிறைய பேர் சொல்றாங்க, எங்க வீட்லயும் முதல் வருஷம் அப்படித்தான், எட்டு செடி வச்சதுல ரெண்டுதான் பூத்துச்சு, அதுவும் எலுமிச்சம்பழம் சைஸ்லயே நின்னுடுச்சு. நாத்த 45 நாள் ட்ரேலயே விட்டதுதான் காரணம்.

முதல்ல சீசன். கோயம்புத்தூர் மாதிரி ஊர்ல புரட்டாசி கடைசில விதை போட்டுடுங்க, அப்பதான் பூ வர்ற நேரத்துல மார்கழி குளிர் கிடைக்கும். ரகம் ரொம்ப முக்கியம்ங்க, பூசா மேக்னா, பூசா தீபாலி மாதிரி முன்பருவ ரகமா கேட்டு வாங்குங்க. ஸ்னோபால் ரகமெல்லாம் நல்ல குளிர் கேக்கும், ஊட்டிக்கு சரி, நம்ம மாடிக்கு வேண்டாம்.

அடுத்து நாத்து. ப்ரோட்ரேல (நாத்து வளர்க்கற குழித்தட்டு) கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் கலந்து நிரப்பி குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். நாலஞ்சு நாள்ல முளைச்சிடும், உடனே வெளிச்சத்துக்கு கொண்டு வந்துடுங்க, இல்லன்னா தண்டு நீண்டு சாஞ்சிடும். 25-லருந்து 30 நாளுக்குள்ள, நாலஞ்சு இலை இருக்கறப்பவே நட்டுடணும். நாள் தள்ளிப்போச்சுன்னா வேர் இடமில்லாம திணறி, செடி வளர்றதுக்கு முன்னாடியே குட்டியா பூ விட்டுடும், அதுக்கப்புறம் எந்த உரம் போட்டாலும் பெருசாகாது.

நடறதுக்கு 15 இன்ச் க்ரோ பேக், பைக்கு ஒரே ஒரு செடிதான். செம்மண், கோகோபீட், மக்குன உரம் சம பங்கு, கூட ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. சாயங்காலமா நட்டு தண்ணி விடுங்க, அப்புறம் மண்ணு காயவே விடாதீங்க. 15 நாளுக்கு ஒருக்கா பஞ்சகவ்யா, லிட்டருக்கு 30 மில்லி.

புழுதான் பெரிய தொல்லை. இலைக்கு அடில தினமும் பாருங்க, சின்னதா பச்சைப்புழு இருந்தா கையாலயே எடுத்துடுங்க, வாரம் ஒருநாள் 5 மில்லி வேப்பெண்ணெயில கொஞ்சம் சோப்பு கரைசல் கலந்து ஒரு லிட்டர் தண்ணில சாயங்காலம் அடிங்க. பக்கத்துல ரெண்டு தொட்டில கடுகு விதைச்சு விட்டா அந்துப்பூச்சி முட்டை போட அங்க போயிடும். பூ பழுப்பாகி தண்டு உள்ள பொந்து விழுந்தா போரான் சத்து பத்தல, போராக்ஸ் லிட்டருக்கு 2 கிராம் கரைச்சு இலைல தெளிக்கலாம்.

நடுவுல பூ முட்டை சைஸ்ல தெரிஞ்சதும் சுத்தி இருக்கற இலைய மேல மடிச்சு நூலால லேசா கட்டிடுங்க, வெயில் பட்டா மஞ்சளாயிடும். மழை பெஞ்சா பிரிச்சு பாருங்க, உள்ள தண்ணி நின்னா அழுகிடும். நட்டு 65-75 நாள்ல, பொங்கல் வாக்குல அறுக்கலாம். பூ கெட்டியா இருக்கறப்பவே அறுத்துடுங்க, பிரிஞ்சு விரிய ஆரம்பிச்சா ருசி போயிடும்.

ஒரு செடிக்கு ஒரே பூதான், அதனால அறுத்ததும் வேரோட எடுத்துடுங்க, இளசான இலைய பொரியல் பண்ணலாம். அதே பைல மறுபடி கோஸ், முள்ளங்கி வேண்டாம், வெண்டையோ கீரையோ போடுங்க.