ஆட்டிசத்தோடு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து வந்தால் என்ன செய்யலாம்

வளர்ந்து ஆளான பிறகுதான் தங்களுக்கு ஆட்டிசம் இருப்பது தெரியவருகிற பலர், அதற்கு முன்பே மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ வருஷக்கணக்கில் சிகிச்சை எடுத்தவர்களாக இருப்பார்கள். மாத்திரை கொஞ்சம் கேட்டிருக்கும், கவுன்சலிங் கொஞ்சம் கேட்டிருக்கும், ஆனாலும் ஏதோ ஒன்று பிடிபடாமலே இருந்திருக்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆட்டிசம் நோயல்ல, அதைப் போக்க மருந்து கிடையாது. மனச்சோர்வும் பதற்றமும் அப்படியில்லை, அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

பிரிப்பதில் பலர் குழம்பும் இடம், இது மனச்சோர்வா இல்லை ஆட்டிசத்தில் வரும் பர்ன்அவுட்டா என்பது. பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்: படுக்கையை விட்டு எழ முடியாது, குளிப்பதே பெரிய வேலையாகத் தெரியும், போன் அடித்தால் எடுக்கத் தோன்றாது. ஆனால் பர்ன்அவுட் என்பது தாங்கும் அளவுக்கு மேல் மாதக்கணக்கில், சிலர் விஷயத்தில் வருஷக்கணக்கில், தாங்கிக்கொண்டே இருந்ததால் வருவது. சுலபமாகச் செய்துகொண்டிருந்த வேலைகள் திடீரென்று வராது, சத்தமும் வெளிச்சமும் முன்னைவிட அதிகமாகக் குத்தும், பேச்சு கூடத் தடைபடும். பிடித்த விஷயத்தின் மேல் இருக்கும் ஆசை மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும், உடம்புதான் ஒத்துழைக்காது. மனச்சோர்வில் அந்த ஆசையே வற்றிவிடும். இது கறாரான விதி இல்லை, இரண்டும் ஒன்றாகவும் வரும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், மனச்சோர்வுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை வெளியே போங்கள், நாலு பேரைப் பாருங்கள், சுறுசுறுப்பாக இருங்கள் என்பது. பர்ன்அவுட்டில் இருப்பவரை அப்படி விரட்டினால் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றின மாதிரிதான். அதனால் இரண்டு மூன்று வாரம் கூட்டம், அலைச்சல், கட்டாயப் பேச்சு எல்லாவற்றையும் முடிந்தவரை குறைத்துப் பாருங்கள். முழுதாகச் சரியாக மாதங்கள் ஆகலாம், ஆனால் கொஞ்சம் மூச்சு வாங்க முடிந்தாலே துப்பு கிடைத்துவிடும். ஒன்றும் மாறவில்லை, பிடித்ததும் பிடிக்கவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லி உதவி கேளுங்கள்.

அடுத்தது, மனசு என்ன சொல்கிறது என்று தெரியாத பிரச்சினை. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அலெக்சிதைமியாவும் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உணர்ச்சி உள்ளே நிறைய ஓடும், அது கோபமா பயமா துக்கமா என்று சொல்லத்தான் வராது. பசி, தாகம், சிறுநீர் முட்டுவது கூடச் சிலருக்குத் தாமதமாகத்தான் தெரியும். எனவே பதற்றம் ஏறும்போது, நான் என்ன நினைக்கிறேன் என்று மனசைக் குடைவதற்கு முன்னால் உடம்பைக் கேளுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டேன், தண்ணீர் குடித்தேனா, கழிப்பறை போனேனா, சட்டைக் காலர் உறுத்துகிறதா, எந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. கடகடவென்று சுற்றும் மின்விசிறியை நிறுத்திய கையோடு, காது வரை ஏறியிருந்த தோள்பட்டை தானாக இறங்கும், அதுவரை அந்தச் சத்தம் தொந்தரவு செய்ததே தெரிந்திருக்காது. சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் போனில் அலாரம் வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

காதடைப்பான், ஹெட்போன், கறுப்புக் கண்ணாடி இவற்றுக்கும் அதேதான். சிலர் இதெல்லாம் பயந்து ஒதுங்குவது, பழகினால் போய்விடும் என்பார்கள். பயம் பழகப் பழகக் குறையும் என்பது சரி, ஆனால் சத்தம் வலியாகவே இறங்குகிறவருக்கு அது பெரும்பாலும் அப்படிக் குறைவதில்லை. சிகிச்சையில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

மற்றவர்கள் மாதிரியே நடந்துகொள்ள நாள் முழுக்க முயற்சி செய்வதை மாஸ்கிங் என்கிறார்கள். கண்ணைப் பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டும், கையை ஆட்டக் கூடாது என்று மனசுக்குள் ஒருவர் மேற்பார்வை செய்துகொண்டே இருப்பது. இதற்கும் மனச்சோர்வுக்கும், தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதற்காக நாளைக்கே எல்லா இடத்திலும் விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், வேலையும் பாதுகாப்பும் அதில் மாட்டியிருக்கும். ஒரு இடம், ஒரு ஆள் போதும், அங்கே மட்டும் முதலில் விட்டுப் பாருங்கள்.

இனி மருத்துவரிடம் போவது. எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டதும் வாய் பழக்கத்தில் "பரவாயில்லை" என்று சொல்லிவிடும், அவரும் அதையே குறித்துக்கொள்வார். ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போங்கள். இந்த மாதிரி: "தூக்கம் மூன்று மணி நேரம்தான். ஒரு மாதமாகச் சமைக்க முடியவில்லை. வாரத்தில் நாலு நாள் சாக வேண்டும் போல இருக்கிறது. இதையெல்லாம் சொல்லும்போது என் முகம் சாதாரணமாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அமைதியான முகத்தோடு சொன்னதாலேயே நம்பப்படாமல் போனவர்கள் நிறையப் பேர்.

மருந்து கொடுத்தால் குறைந்த அளவில் ஆரம்பிக்கலாமா என்று கேளுங்கள், நம்மில் சிலருக்குப் பக்கவிளைவு சீக்கிரம் தெரியும். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை காட்டச் சில வாரங்கள் ஆகும், நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கவனம் ஓரிடத்தில் நிற்காத, துறுதுறுவென்று இருக்கிற ஏடிஎச்டியும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மனநல மருத்துவர்கள் பின்பற்றும் டிஎஸ்எம் கையேடு, 2013 வரை ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒரே ஆளுக்கு உண்டு என்று சொல்ல அனுமதிக்கவே இல்லை, அதனால் பழைய மதிப்பீடுகளில் அது விட்டுப்போயிருக்கலாம். கவுன்சலிங்கில் உவமை, கற்பனை எல்லாம் ஓடாது என்றால் சொல்லுங்கள். எழுத்திலும் படத்திலும் காட்டுவது, நடுவில் இடைவேளை விடுவது, உங்களுக்குப் பிடித்த விஷயத்தையே பயன்படுத்துவது இதெல்லாம் சலுகை கேட்பது அல்ல, சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டுதல் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2012-லேயே ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கான வழிகாட்டுதலில் சேர்த்தவைதான்.

அப்புறம், மோசமான நாளுக்கான ஏற்பாடு. நெருக்கடியில் பேச்சே வராமல் போகலாம், அந்த நேரத்தில் உதவி எண்ணுக்குப் போன் செய் என்றால் நடக்காது. எழுத்தில் பேசக்கூடிய உதவிச் சேவை உங்களுக்குக் கிடைக்குமா என்று இப்போதே தேடி வையுங்கள். "நான் பத்திரமாக இல்லை, பேச வராது, நேரில் வா" என்று ஒரு செய்தியைத் தட்டச்சு செய்து போனில் சேமித்து வையுங்கள். மாத்திரைகளை மொத்தமாக வீட்டில் வைக்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் செய்தி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: கேள்விகளை அடுக்காதே, சத்தத்தைக் குறை, தொடாதே, தனியாக விடாதே, ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் எனக்குப் பதிலாக நீ பேசு.