சுண்டலோடு கடற்கரைக்கு: நாயைக் கூட்டிக்கொண்டு விடுதியில் தங்குவது எப்படி

சுண்டல் என்பது எங்கள் நாயின் பெயர். வைத்தவன் என் மகன். அப்போது அவனுக்கு ஐந்து வயது, குட்டியும் கொண்டைக்கடலை நிறத்தில் இருந்தது. கடற்கரைக்குக் கூட்டிப்போகிற நாய்க்கு வைக்கவே கூடாத பெயர் அது என்று பிறகுதான் தெரிந்தது. தூக்குவாளியோடு யாராவது "தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்" என்று கூவிக்கொண்டு போனால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று இது கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போகும்.

ஆதம்பாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதுவரை நான்கு தடவை சுண்டலோடு போய்த் தங்கியிருக்கிறோம். முதல் தடவையைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. 'பெட் ஃப்ரெண்ட்லி' என்று இணையத்தில் பார்த்து, முழுப் பணமும் கட்டி, இரவு ஏழரைக்குப் போய் இறங்கினோம். வரவேற்பில் இருந்த பையன், "நாய் அலவ்டுதான் மேடம், ஆனா ரூமுக்குள்ள கிடையாது" என்றான். ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒரு கம்பிக் கூண்டைக் காட்டினார்கள். வீட்டில் நாய் சமையலறை வாசலைத் தாண்டினாலே சத்தம் போடுகிற என் மாமியார், "தருமர் நாயை விட்டுட்டு சொர்க்கத்துக்கே வரமாட்டேன்னார். இந்த ரூமுக்காக நாம விட்டுட்டுப் போகணுமாக்கும்" என்று அந்தப் பையனிடமே கேட்டுவிட்டார். பணம் திரும்பாது என்றதால் நாங்கள் நால்வரும் அறையில் படுத்தோம். என் கணவர் காரில், கண்ணாடியை இறக்கிவிட்டு, கொசுக்கடியில் சுண்டலோடு படுத்தார். விடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம்.

அதனால் முதல் வேலை, பணம் கட்டுவதற்கு முன்னால் விடுதிக்கே போன் செய்வது. முன்பதிவுத் தளத்தில் நாய்ப்படம் போட்டிருப்பதை நம்பாதீர்கள். போனில் நான் முதலில் கேள்வி கேட்பதில்லை, நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: "எங்ககிட்ட நாட்டு நாய் இருக்கு, இருபது கிலோ, அறைக்குள்ள எங்களோடதான் படுக்கும்." எதிர்ப்பக்கம் எவ்வளவு நேரம் மௌனமாக இருக்கிறது என்று கவனியுங்கள். சில இடங்களில் நாய் என்றால் மடியில் வைக்கிற ஷிட்சூ மட்டும்தான். சிப்பிப்பாறை, ராஜபாளையம், நம் தெரு நாய் எல்லாம் அவர்கள் கணக்கில் வராது. அந்த மௌனம் நீண்டால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

சரி என்றால் அப்புறம் கேள்விகள். தரைத்தளத்தில் அறை கிடைக்குமா? (மூன்றாவது மாடியிலிருந்து நள்ளிரவில் சிறுநீர் கழிக்கக் கூட்டிவருவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.) கட்டணம் ஒரு இரவுக்கா, மொத்தத்துக்கா? முன்பணம் தனியா, திரும்ப வருமா? சுற்றுச்சுவர் முழுதாக இருக்கிறதா? விடுதிக்கென்று சொந்த நாய்கள் உண்டா, அவை அவிழ்த்துவிட்டபடி இருக்குமா? கடற்கரைக்கு நேரே போகலாமா, சாலையைக் கடக்க வேண்டுமா? சாப்பாட்டு இடத்தில் வெளியே மேசை உண்டா? இவ்வளவும் பேசி முடித்தபின், "அப்படியே வாட்ஸ்அப்ல ஒரு வரி அனுப்பிடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம். போனில் பேசியவரே நாம் போகும் நாளில் பணியில் இருப்பார் என்பது நிச்சயமில்லை.

எப்போது போவது என்பதற்கு என் பதில்: பொங்கலை ஒட்டி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கடலும் கொந்தளிக்கும், நனைந்த நாயை அறைக்குள் காயவைக்கவும் முடியாது. கத்திரி வெயிலில் போவது நாய்க்குத் தண்டனை. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும், மீதிச் சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சாலேயே வெளியேற்றியாக வேண்டும். கடல்காற்று வீசும்போது நமக்குக் குளுகுளுவென்று இருப்பதை வைத்து நாய்க்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும்.

தூரமும் முக்கியம். மாமல்லபுரம் சென்னையிலிருந்து கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், புதுச்சேரி 150. முதல் பயணத்துக்கு மாமல்லபுரத்தைத் தாண்டாதீர்கள். காரில் வாந்தி எடுக்குமா, புது இடத்தில் தூங்குமா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும், சரிப்படாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் வீடு. கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். சுண்டலுக்குப் பாதித் தயிர்சாதம், அவ்வளவுதான். கழுத்துப் பட்டையில் கட்டாமல் மார்புப் பட்டை போட்டு, சீட் பெல்ட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். தலையை வெளியே நீட்டவிட்டால் படம் அழகாக வரும், கண்ணில் மணலும் பூச்சியும் விழும்.

மூட்டையில் எங்களுக்குப் பெரியவை மூன்று. அது வீட்டில் படுக்கிற, துவைக்காத போர்வை (துவைத்தால் வாசனை போய்விடும், வாசனைதான் அதற்கு வீடு). பழைய துண்டுகள் நான்கு. பத்து மீட்டர் கயிறு. இவற்றோடு தண்ணீர்க் கிண்ணம், மலம் அள்ளும் பைகள், நம் போன் எண் பொறித்த கழுத்துப் பட்டை. தடுப்பூசிப் புத்தகத்தை மறக்காதீர்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேதி தாண்டியிருந்தால் நல்ல விடுதிகள் உள்ளே விடுவதில்லை, விடவும் கூடாது. சென்னைக்காரர்கள் மாநகராட்சி உரிமத்தின் நகலையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். உண்ணி மருந்தைக் கிளம்பும் காலையில் போடாமல் இரண்டு மூன்று நாள் முன்பே போட்டுவிடுங்கள். கடற்கரை நாய்களிடம் உண்ணி ஏராளம்.

அறைக்குப் போனதும் கதவைத் திறந்து விட்டுவிடக் கூடாது. முதலில் வெளியே கால்மணி நேரம் நடக்கவிட்டு, சிறுநீர் கழித்தபின் கயிற்றோடு உள்ளே அழைத்துப்போய், மூலை மூலையாக மோந்து பார்க்க விடுங்கள். கண்ணாடிக் கதவை அதற்குக் காட்டுங்கள், விரலால் தட்டியே காட்டலாம். இரண்டாவது பயணத்தில் சுண்டல் அதில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டது. போர்வையைக் கதவிலிருந்து தள்ளி ஒரு மூலையில் விரியுங்கள். சுத்தம் செய்ய வருபவரிடம் நேரம் பேசிக்கொண்டு, அந்த நேரத்தில் நாயோடு வெளியே போய்விடுங்கள். நாய்க்குப் பயப்படுகிறவர் அந்த வேலையில் இருக்கலாம். தன் வேலை போய்விடும் என்று அதைச் சொல்லமாட்டார்.

இனி கடற்கரை. நம்முடையது கிழக்குக் கரை, சூரியன் கடலிலிருந்து நேரே முகத்தில் எழும். எட்டு மணிக்கே மணல் சுட ஆரம்பிக்கும். காலையில் ஐந்தே முக்காலிலிருந்து ஏழரை, மாலையில் ஐந்துக்குப் பிறகு. இதைத் தவிர வேறு நேரமே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமென்றால் புறங்கையை மணலில் வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயாலும் முடியாது.

அலையைப் பார்த்ததும் எல்லா நாயும் குதித்து ஓடும் என்பது விளம்பரத்தில். சுண்டல் முதல் நாள் அலையைப் பார்த்துக் குரைத்தது, இரண்டாம் நாள் ஈர மணலில் ஒரு காலை வைத்தது, அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விடாதீர்கள், ஜென்மத்துக்கும் பக்கத்தில் வராது. தண்ணீர்ப் பைத்தியமான லேப்ரடாராக இருந்தால் கவலை வேறு மாதிரி. நம் கரையில் அலை வலு, கரையும் சட்டென்று சரியும், உள்ளிழுக்கிற நீரோட்டமும் உண்டு. நீண்ட கயிறு கையில் இருக்கட்டும், முழங்கால் ஆழத்தைத் தாண்ட வேண்டாம். பந்து எறிந்தால் ஒவ்வொரு கவ்வலுக்கும் ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போகும். கொஞ்சம் போனால் கழிச்சல், நிறையப் போனால் வாந்தி, நடுக்கம், தள்ளாட்டம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் காட்டுங்கள்.

கடலைவிட மணலில்தான் எனக்குப் பயம் அதிகம். வலை இழுத்து முடித்தபின் வேண்டாததைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அதில் கெளுத்தி இருக்கும், அதன் முள் தொண்டையிலோ பாதத்திலோ ஏறினால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். பலூன்போல உப்பிக் கிடக்கிற பேத்தை மீன் செத்தபின்னும் விஷம்தான், நாய் கடித்துத் தின்றால் உயிரே போகலாம். சொறிமீன் உலர்ந்தாலும் கொட்டும். தூண்டில் முள் வேறு. அதனால் "போடு" என்று சொன்னால் வாயில் இருப்பதைப் போடுவதற்கு வீட்டிலேயே பழக்கிவிட்டுக் கிளம்புங்கள், ஒரு மாதம் ஆகும். எங்கள் வீட்டில் பழைய செருப்பையும் ஆம்லெட் துண்டையும் வைத்துப் பழக்கினோம். காயப்போட்ட கருவாட்டுப் பக்கம் போகவே வேண்டாம். ஒருமுறை சுண்டல் நெத்திலியில் வாய் வைத்துவிட்டது. அந்த அம்மா திட்டவில்லை. நான்தான் கூச்சப்பட்டு அரைக்கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன், கார் இரண்டு வாரம் மணத்தது.

பொங்கல் சமயம் போகச் சொன்னேன், அதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டைபோல இருக்கும். அதைத் தோண்டித் தின்பதில் முதல் எதிரி நாய்தான். எனவே அந்த மாதங்களில் இருட்டியபின் நாயைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகாதீர்கள், பகலிலும் கயிற்றை விடாதீர்கள். செத்த ஆமையும் ஒதுங்கும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. மனசு கனக்கிற காட்சி. நாய்க்கோ அதன்மேல் புரண்டால் பெருநாள்.

அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் நாய்கள் நான்கைந்தாக வரும். அது அவற்றின் இடம், நாம்தான் விருந்தாளி. நம் நாயைத் தூக்காதீர்கள், தூக்கினால் உங்கள்மேல் பாயும். ஓடாதீர்கள். கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, கடல் பக்கமாக மெதுவாகத் திரும்பி நடங்கள். பெரும்பாலும் அவற்றின் எல்லை முடிந்ததும் நின்றுவிடும்.

திரும்பியதும் வெளிக்குழாயில் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, விரல் இடுக்கையும் காதையும் துடையுங்கள். மணல் தங்கினால் நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். மூச்சிரைப்பு நிழலுக்கு வந்தும் அடங்காமல், எச்சில் கெட்டியாகி, ஈறு சிவந்து, கால் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. நாயின் இயல்பான சூடு 38லிருந்து 39 டிகிரி செல்சியஸ், 41 என்றால் ஆபத்து. ஐஸ் வேண்டாம். குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்து, உடனே கிளம்புங்கள். மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, புதுச்சேரிப் பக்கம் என்றால் குரும்பாப்பேட்டையில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி. வழியிலுள்ள தனியார் மருத்துவரின் எண்ணை விடுதியிலேயே கேட்டு முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு விடுதிச் சமையல்காரரிடம் நேரே போய்ப் பேசுவேன். உப்பு, மசாலா, முக்கியமாக வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்த கோழியும் சாதமும். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும் என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். குழந்தைகள் மேசைக்கடியில் பிரியாணி எலும்பைத் தள்ளாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் நாங்கள் இரண்டு அணியாகத்தான் போனோம். ஓர் அணி உள்ளே, மற்றது நாயோடு நிழலில். காரில் அடைத்துவிட்டுப் போகவே கூடாது. வெளியே 30 டிகிரி என்றால் பத்து நிமிடத்தில் உள்ளே 40 ஆகிவிடும். அர்ச்சுனன் தபசை மட்டும் சாலையோரத்திலிருந்தே எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம். அதில் பின்னங்கால்களில் நின்று தவம் செய்கிற பூனையைச் சுண்டலுக்குக் காட்டினோம். அது பக்கத்தில் ஆடு ஒன்று புல் மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிளம்புகிற அன்று படுக்கை, சோபாவிலிருந்து முடியை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். எதையாவது கடித்திருந்தால் அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லுங்கள். சென்ற முறை ஒரு மிதியடிக்குப் பணம் கொடுத்தோம். பில்லில் 'சுண்டல் – 1' என்று எழுதியிருந்தது. மாமியார் வாங்கிப் பார்த்துவிட்டு, "நாம சாப்பிடவே இல்லியே" என்றார்.