ஸ்கிப்டனைச் சுற்றி நடக்கலாம்: யார்க்‌ஷருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஏர்டேல் மருத்துவமனையில் வேலை கிடைத்து ஸ்டீட்டன், சில்ஸ்டன், கீத்லி பக்கம் குடிவந்தவர்களுக்கும், பிராட்ஃபோர்டிலும் லீட்ஸிலும் இருப்பவர்களுக்கும் எட்டும் தூரத்தில், இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் இருக்கும் பழைய சந்தை ஊர் ஸ்கிப்டன். லீட்ஸிலிருந்து ரயிலில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். திங்கள், புதன், வெள்ளி, சனி நாட்களில் ஹை ஸ்ட்ரீட்டின் இரு பக்கமும் கடைகள் போடுவார்கள். தெருவின் மேல் முனையில் 900 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கோட்டை. நம்மவர்கள் பலரும் சந்தையைச் சுற்றி, கோட்டை வாசலில் படம் எடுத்து, ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். இந்த ஊரின் அருமை அதற்கு அப்பால்தான் ஆரம்பிக்கிறது. ஒரு குழுவோடு சேர்ந்து சுற்றியுள்ள வயல்களிலும் காட்டிலும் கால்வாய்க் கரையிலும் நடந்து பாருங்கள். வார விடுமுறையில் வாடகை அறைக்குள் போனைப் பார்த்துக்கொண்டே கிடக்கும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: “அது யாரோ ஒருவருடைய வயல் ஆச்சே, நாம் எப்படி உள்ளே போவது?” நியாயமான தயக்கம்தான். ஆனால் இங்கே சட்டம் வேறு மாதிரி. நிலம் விவசாயிக்குச் சொந்தம், அதன் குறுக்கே போகும் பாதை பொதுமக்களுக்கு உரியது. ‘பப்ளிக் ஃபுட்பாத்’ என்ற பலகை இருந்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், நேற்று விமானம் இறங்கியவருக்கும் அதில் நடக்க உரிமை உண்டு. கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கான பாதை; நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும்கூட வரலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிச் சுமார் 1,40,000 மைல் பாதைகள் இருக்கின்றன. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் இவை பச்சைக் கோடுகளாகத் தெரியும். பாதையை விட்டு விலகிப் பயிருக்குள் இறங்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

இந்த உரிமைகள் சும்மா கிடைத்தவை இல்லை. 1932ல் கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேட்டில், வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த நிலத்துக்குள் தொழிலாளர்கள் கூட்டமாக ஏறினார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். மேட்டு நிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்று சட்டம் வர 2000ஆம் ஆண்டு ஆகிவிட்டது.

சரி, குழுவை எங்கே தேடுவது? ராம்ப்ளர்ஸ் என்ற அமைப்பு 1935லிருந்து இருக்கிறது, நாடு முழுக்க உள்ளூர் கிளைகள். அவர்களுடைய இணையதளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால் அந்த வாரத்து நடைகள் வரும். உறுப்பினர் ஆகாமலேயே 3 நடைகள் வரை சேர்ந்து பார்க்கலாம். ‘வெல்பீயிங் வாக்ஸ்’ என்று தனியாகவும் உண்டு. அவை இலவசம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாது, பெரும்பாலும் வார நாட்களில் காலையில் நடக்கும். ஷிஃப்டில் வேலை பார்த்து, எல்லோரும் ஆபீஸில் இருக்கும் நாளில் ஆஃப் கிடைப்பவர்களுக்கு மிகவும் தோதானது. நூலகத்திலும் ஜி.பி. சர்ஜரி எனப்படும் உள்ளூர் டாக்டர் கிளினிக்கிலும் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள்.

ராம்ப்ளர்ஸ் பட்டியலில் ‘ஈஸி’, ‘லெஷர்லி’, ‘மாடரேட்’ என்று தரம் போட்டிருக்கும். ஈஸி என்றால் சாதாரண ஷூவே போதும். லெஷர்லி என்ற பெயரைப் பார்த்து மாலை நேரத்து பீச் நடை என்று எண்ண வேண்டாம், சேறும் ஏற்றமும் வரலாம். தூரத்தை மைலில்தான் சொல்வார்கள். 5 மைல் என்பது 8 கிலோமீட்டர். குழுவில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள், ஆனால் அவர்கள் வேகம் உங்களை மூச்சு வாங்க வைக்கும். முன்னால் ஒருவர் வழிகாட்ட, கடைசியில் ‘பேக் மார்க்கர்’ ஒருவர் வருவார். அவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. எங்காவது ஒதுங்க வேண்டுமானால் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆஸ்துமா, சர்க்கரை மாதிரி ஏதாவது இருந்தால் கிளம்பும் முன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்.

வயதானவர்களை அங்கிள், ஆன்ட்டி, சார் என்று கூப்பிட நமக்கு வாய் வரும். இங்கே எழுபது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முதலில் கூச்சமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். எதிரே வருபவர் ‘நவ் தென்’ என்று சொல்லிப் போனால் அது யார்க்‌ஷர் வணக்கம். நீங்களும் ஒரு ‘ஹலோ’ சொன்னால் போதும்.

முதல் நடைக்கு ஸ்கிப்டன் வுட்ஸ் நல்லது. கோட்டைக்குப் பின்னால் எல்லர் பெக் என்ற ஓடையை ஒட்டிய பழைய காடு, உட்லண்ட் டிரஸ்ட் பராமரிக்கிறது. ஊர் நடுவிலிருந்து சில நிமிடத்தில் உள்ளே போய்விடலாம். போகிற வழியில் ஸ்பிரிங்ஸ் கால்வாய் என்ற குறுகிய கிளை கோட்டைப் பாறைக்கு அடியில் ஒட்டிச் செல்கிறது. மேலே இருந்த கல்குவாரியின் சுண்ணாம்புக் கல்லைப் படகில் இறக்க வெட்டியது அது.

அடுத்தது லீட்ஸ்-லிவர்பூல் கால்வாய்க் கரை. கரை என்றால் படகை இழுத்துப் போன குதிரைகளுக்காகப் போட்ட பாதை, அதனால் மட்டமாக இருக்கும். இங்கிருந்து கார்க்ரேவ் கிராமம் வரை சுமார் 5 மைல். சாந்து பூசாமல் அடுக்கிய கல்சுவர்கள், ஆடுகள், வழியில் திருப்பித் திறக்கும் பாலங்கள். பின்னால் சைக்கிள் மணி கேட்டால் ஓரமாக ஒதுங்குங்கள். கார்க்ரேவில் ரயில் நிலையம் உண்டு. ஆனால் வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கால்வாய் ஓரமாக ஸ்கிப்டனிலேயே ஃப்ரெட் ட்ரூமன் பந்து வீசும் சிலையைப் பார்க்கலாம். டெஸ்டில் முதன்முதலாக 300 விக்கெட் எடுத்தவர். 1952ல் லீட்ஸில் இந்தியா இரண்டாவது இன்னிங்ஸில் ரன்னே எடுக்காமல் 4 விக்கெட் இழந்ததே, அதில் மூன்று இவருடையது. கிரிக்கெட் தெரிந்தவர் யாராவது குழுவில் இருந்தால் பேச்சு இங்கே தானாகத் தொடங்கிவிடும்.

கொஞ்சம் பழகியதும் போல்டன் ஆபிக்குப் போகலாம். வார்ஃப் ஆற்றங்கரையில் 12ஆம் நூற்றாண்டு மடத்தின் இடிபாடும், ஆற்றைக் கடக்கப் போட்ட கற்களும் இருக்கின்றன. மேலே போனால் ஸ்ட்ரிட் என்ற இடம். அகலமான ஆறு அங்கே தாண்டிவிடலாம் போலத் தோன்றும் இடுக்குக்குள் நுழைகிறது. தயவுசெய்து தாண்டாதீர்கள், செல்ஃபிக்காக ஈரப்பாறையில் கால் வைக்காதீர்கள். அடியில் பாறையைக் குடைந்து ஆழமாக ஓடும் நீர், விழுந்தவர்கள் இறந்திருக்கிறார்கள்.

வயல்களுக்கு நடுவே ‘கிஸ்ஸிங் கேட்’ என்ற வாசலைப் பார்ப்பீர்கள். சிறு கூண்டுக்குள் ஆடும் கதவு அது. கதவைத் தள்ளிக் கூண்டின் மூலையில் ஒதுங்கி நின்று, கதவைப் பின்னால் விட்டு மறுபக்கம் வெளியேற வேண்டும், ஒரு நேரத்தில் ஒருவர்தான். முதுகில் பெரிய பை இருந்தால் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கதவு என்றால் இருந்தபடியே விட வேண்டும்: மூடியிருந்ததை மூடுங்கள், திறந்து கட்டியிருந்ததைத் தொடாதீர்கள். குழுவில் கடைசியாக வருபவர் மூடுவார் என்று நினைத்துப் போவதைவிட, பின்னால் ஆள் இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது மேல்.

மாடு என்றால் நமக்குப் பயமில்லை. ஆனால் இங்குள்ள மாடு கட்டிப்போடாத மாடு, தடவிக்கொடுக்கப் போகாதீர்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகவே கூடாது. சுற்றிக்கொண்டு, ஓடாமல் நிதானமாகக் கடந்துவிடுங்கள். பாதையோரம் நெட்டில் என்ற செடி நிறைய வளரும், நம் ஊர் செந்தட்டி போலவே பட்டால் அரிக்கும். கோடையில் ஆசைப்பட்டு அரைக்கால் சட்டை போட்டு வருபவர்களுக்காகச் சொல்கிறேன்.

விலை உயர்ந்த பூட்ஸ் முதல் நாளே வாங்க வேண்டாம். நல்ல பிடிப்புள்ள ஷூ, ஒரு வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட், மாற்றுச் சாக்ஸ் போதும். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது, குளிர் எலும்புக்குள் இறங்கும். ஒரே கனத்த ஸ்வெட்டரைவிட மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு நல்லது. மதியத்துக்கு எலுமிச்சை சாதமோ சப்பாத்தி ரோலோ கட்டிக்கொள்ளுங்கள், பிளாஸ்கில் டீ. டப்பாவைத் திறந்தால் நாலு பேர் கேட்பார்கள், ஒரு கரண்டி கூடுதலாகவே எடுத்துப் போங்கள். நடை முடிந்து பப்புக்குப் போகலாம் என்பார்கள். குடிக்கும் பழக்கம் இல்லை என்று அதற்காக வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். லெமனேடோ டீயோ வாங்கிக்கொண்டு உட்காரலாம், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். உண்மையான அறிமுகம் அந்த அரைமணி நேரத்தில்தான் ஆகும்.

தனியாகவோ நண்பர்களுடனோ மேட்டுப் பக்கம் போய் யாருக்காவது அடிபட்டால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேட்க வேண்டும். டிசம்பரில் 4 மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜூனில் இரவு 9 தாண்டியும் வெளிச்சம் இருக்கும்.

ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் ஸ்கிப்டன் வுட்ஸில் தரை முழுக்க புளூபெல் பூத்திருக்கும். கூடவே காட்டுப் பூண்டும் வெள்ளையாகப் பூத்து, காடே பூண்டு வாசம் அடிக்கும். அந்த வாரங்களில் ஒரு ஆஃப் வேண்டுமென்றால் ரோட்டா (ஷிஃப்ட் பட்டியல்) போடும் முன்பு, மார்ச்சிலேயே கேட்டு வையுங்கள்.