ஸ்டோரி பொயின்ற்றால் ஆளை அளக்காதீர்கள்: புது ரீம்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் புதிதாகத் தொடங்கும் சின்னச் சொப்ட்வெயார் கொம்பனிகளுக்குப் போய் ரீம் நடத்துவது பற்றி அவ்வப்போது பேசுவேன். கம்பஸ் முடித்த கையோடு நாலைந்து பேர் சேர்ந்து லண்டனுக்கோ மெல்பேணுக்கோ வேலை செய்து கொடுக்கிறார்கள், திறமையில் குறையே இல்லை. ஆனால் ஸ்க்ரம் (வேலையைக் குறுகிய சுற்றுகளாகப் பிரித்து ரீமாகச் செய்யும் முறை) என்று தொடங்கியதும் எங்கள் செட் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழிகளில்தான் விழுகிறார்கள். ஜிராவில் (வேலைகளைக் கார்டுகளாகப் போட்டுப் பார்க்கும் சொப்ட்வெயார்) கார்டை நகர்த்த மறப்பதெல்லாம் தானாகச் சரியாகும், அதை விடுங்கள்.

பொயின்ற் கணக்கில் ஆளை அளப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஒரு வேலை இன்னொன்றைவிட எவ்வளவு பெரியது என்று ரீம் தனக்குள் போட்டுக்கொள்ளும் உத்தேசக் கணக்குத்தான் ஸ்டோரி பொயின்ற். அடுத்த ஸ்பிரின்றில், அதாவது அடுத்த வேலைச் சுற்றில், எவ்வளவு எடுக்கலாம் என்று பார்க்க உதவும், அவ்வளவுதான். 2020 ஸ்க்ரம் கையேட்டில் ஸ்டோரி பொயின்ற்றும் இல்லை, வெலோசிற்றியும் (ஒரு ஸ்பிரின்றில் ரீம் முடிக்கும் பொயின்ற் கணக்கு) இல்லை. இங்கே மனேஜர்மார் அதை எக்செலில் போட்டு, பெயர்வாரியாகச் சுவரில் ஒட்டுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு ரீமில் அப்படி ஒட்டியபோது கடைசியில் நின்றது ஒரு பிள்ளை. பாதி நாள் மற்றவர்கள் எழுதிய புரோகிராம் கோட்டைப் பிழை இருக்கிறதா என்று ரிவியூ செய்வார், புதுப் பெடியளுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுப்பார், பேமென்ற் பகுதியில் யாரும் தொடப் பயப்படும் பிழைகளைத் தேடிப் பிடிப்பார். இதற்கெல்லாம் பொயின்ற் கிடையாது. "தங்கச்சி, உம்மட கணக்கு ஏன் இவ்வளவு குறைவு?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார்கள். அடுத்த நாளிலிருந்து அவர் தன் கார்டை மட்டும் பார்த்தார். மற்றவர்கள் முன்பு 3 போட்ட வேலைக்கு 5 போட்டார்கள், 5 போட்டதற்கு 8. வரைபடம் ஏறிக்கொண்டே போனது, வாடிக்கையாளர் கைக்குப் போனது மட்டும் கூடவில்லை. சரியாக ரிவியூ செய்யாமல் விட்ட கோடில், ஒரே ஓடருக்கு இரண்டு தடவை காசு கழிந்தது. அதைத் திருத்துவதிலேயே ஸ்பிரின்ற்கள் போயின. அப்புறம் அந்தப் பிள்ளை கொழும்பில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டார், பேமென்ற் பகுதியைத் தெரிந்த ஆள் இல்லாமல் போனது.

எண் வேண்டுமென்றால் கடைசி மூன்று நாலு ஸ்பிரின்றின் சராசரியை ரீமுக்குள்ளேயே வைத்துப் பாருங்கள். ஒரு ரீமின் 5 மற்ற ரீமின் 5 அல்ல, ஒப்பிடாதீர்கள். முதலாளி கேட்டால், இந்த இரண்டு கிழமையில் வாடிக்கையாளர் பாவிக்கத் தொடங்கிய வசதி எது என்று காட்டுங்கள்.

டெய்லி மீற்றிங்

15 நிமிடம். மனேஜரிடம் ஒப்புவிக்கும் நேரம் அல்ல, ரீம் தனக்குள் பேசி அன்றைய வேலையைத் திட்டமிடும் நேரம்.

ரெட்ரோ

ஸ்பிரின்ற் முடிவில் எது சரி, எது பிழை என்று ரீம் திரும்பிப் பார்க்கும் கூட்டம். ஒரு மாற்றத்தையாவது முடிவெடுத்துவிட்டு எழும்புங்கள்.

ராத்திரி வரும் வட்ஸ்அப்

லண்டனில் பின்னேரம் என்றால் இங்கே ராத்திரி. அப்போது வரும் வொய்ஸ் மெசேஜை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பிரின்றுக்குள் திணிக்காதீர்கள். பக்லொக்கில் (இனிச் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) போடுங்கள், உண்மையிலேயே அவசரமென்றால், அதற்குப் பதிலாக எதை வெளியே எடுப்பது என்று காலையில் புரொடக்ட் ஓனரிடம் (எந்த வேலை முதலில் என்று தீர்மானிப்பவர்) கேளுங்கள்.