கால்பந்து நடுவர் ஆவது எப்படி: எழுத்துத் தேர்வில் நான் தடுக்கிய இடம்

பத்து வருஷம் கால்பந்து ஆடியவனுக்கு விதி தெரியாமலா இருக்கும் என்று நினைத்துத்தான் முதல் தடவை நடுவர் தேர்வு எழுதப் போனேன். தேறவில்லை. இரண்டாம் தடவை தேறினேன். இடையில் புரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. உங்கள் நாட்டுக் கால்பந்து சங்கத்தின் கீழ் இயங்கும் வட்டாரச் சங்கத்தில், தொடக்கநிலை நடுவர் பயிற்சிக்குப் பெயர் கொடுங்கள். வயது வரம்பும் கட்டணமும் நாட்டுக்கு நாடு மாறும்.

2. விதிப் புத்தகம். மொத்தம் 17 விதிகள். விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி அமைப்பின் தளத்திலும் ஆப்பிலும் இலவசமாகவே கிடைக்கும். சந்தேகம் தீர்க்க ஆப் போதும். உட்கார்ந்து படிக்க அச்சுப் பிரதிதான் நல்லது, ஓரத்தில் கிறுக்கிக்கொள்ளலாம்.

3. எழுத்துத் தேர்வு. நான் மதிப்பெண் இழந்தது ஆஃப்சைடிலோ ஹேண்ட்பாலிலோ இல்லை, ஆட்டத்தை மறுபடி தொடங்கும் முறையில். ஒரு கேள்வி: தற்காப்பு அணிக்கு ஃப்ரீ கிக். அடித்தவர் கோல்கீப்பருக்குத் தள்ளிவிடுகிறார்; பந்து யார் மேலும் படாமல் அவருடைய சொந்த கோலுக்குள்ளேயே போய்விடுகிறது. என்ன முடிவு? நான் கோல் என்று எழுதினேன். சரியான விடை, எதிரணிக்கு கார்னர் கிக் (மைதானத்தின் மூலையிலிருந்து அடிக்கும் உதை).

காரணம் புரிந்துவிட்டால் மறக்காது. ஃபவுலுக்கு ஆளான அணிக்குக் கிடைத்த வாய்ப்பு அது; அதிலிருந்தே அவர்கள் நேரடியாக கோல் வாங்குவது நியாயமில்லை. கோல் கிக் (தற்காப்பு அணி தன் கோலுக்கு முன்னிருந்து அடிக்கும் உதை), த்ரோ-இன், கார்னர், கிக்-ஆஃப் எல்லாவற்றுக்கும் இதுவே: நேராகச் சொந்த கோலுக்குள் போனால் கார்னர். த்ரோ-இன்னோ, நேரடியாக கோல் அடிக்க முடியாத இன்டைரக்ட் ஃப்ரீ கிக்கோ நேராக எதிரணி கோலுக்குள் போனால்? கோல் கிக்.

அதற்கப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்றைத் தனித்தனியாக எழுதிப் பழகினேன்: குற்றம் உண்டா, மஞ்சள் அல்லது சிவப்பு அட்டை உண்டா, ஆட்டம் எப்படித் தொடங்கும். மூன்றாவதை விட்டால் பாதி விடைதான்.

4. உடற்தகுதி. தொடக்கநிலையில் அளவு குறைவுதான். ஆனால் உச்சம் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்: ஃபிஃபா ஆண் நடுவர்களுக்கு 40 மீட்டர் ஓட்டம் ஆறு முறை, ஒவ்வொன்றும் 6 வினாடிக்குள். பிறகு 75 மீட்டரை 15 வினாடியில் ஓடி, 25 மீட்டரை 18 வினாடியில் நடக்க வேண்டும். இப்படி 40 முறை. நீண்ட தூரம் மெதுவாக ஓடிப் பழகியவர்களுக்கும் இதில் மூச்சு வாங்கும். ஓடி நடந்து, ஓடி நடந்துதான் பழக வேண்டும்.

5. சாமான்கள். விசில், கடிகாரம், இரண்டு அட்டைகள், குறிப்பேடு. விசிலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உள்ளே உருண்டை இல்லாத ஃபாக்ஸ் 40 வகையே என் தேர்வு; மழையிலும் சிக்காது. கடிகாரம் இரண்டு கட்டுங்கள்.

6. முதல் ஆட்டங்கள் பெரும்பாலும் சிறுவர் ஆட்டங்களாக இருக்கும். இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுத்தால் கையைத் தூக்குங்கள்; பந்து இன்னொரு ஆட்டக்காரரைத் தொடும்வரை இறக்காதீர்கள். நான் ஒருமுறை கை தூக்க மறந்தேன், பந்து நேராக கோலுக்குள் போனது. அப்படியானால் உதையை மறுபடி அடிக்கவைக்க வேண்டும். அந்த ஆட்டத்தில் இரண்டு அணிகளுக்கும் விளக்கிச் சொல்லவே சில நிமிஷம் போனது. தவறு என்னுடையது என்று நேராகச் சொன்னபிறகுதான் பிள்ளைகள் அமைதியானார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுத் தேர்வு எழுதிய ஒருவர், கோல்கீப்பர் பந்தை 6 வினாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக் என்று எழுதி மதிப்பெண் இழந்திருக்கிறார். அவர் படித்தது பழைய பிரதி. 2025-26 விதிகளின்படி 8 வினாடி, அதைத் தாண்டினால் எதிரணிக்கு கார்னர்; கடைசி ஐந்து வினாடிகளை நடுவர் கைவிரலால் எண்ணிக் காட்ட வேண்டும். புதிய விதிகள் ஆண்டுதோறும் ஜூலை 1 முதல் நடப்புக்கு வரும். படிக்க உட்காருமுன் புத்தகத்தின் மேலட்டையில் ஆண்டைப் பாருங்கள்.