கடலோரக் குடும்பத்துக்கு எஸ்யூவி: ராமநாதபுரம் பக்கத்துக் கணக்கு

தொண்டி, தேவிப்பட்டினம், மண்டபம், கீழக்கரை, சாயல்குடி என்று கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் வண்டி வாங்கும்போது, மதுரைக்காரர்கள் பார்க்காத ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது உப்பு. மற்றபடி எல்லா ஊர்க் குடும்பத்துக்கும் உள்ள கேள்விதான்: யார் யார் ஏறப்போகிறார்கள்? முதல்முறை வாங்குபவர்கள் பலர் மாடலைத் தேர்ந்துவிட்டு ஆளை அதில் திணிக்கப் பார்க்கிறார்கள். வரிசையை மாற்றிப் போடுங்கள்.

1. ஆளை எண்ணுங்கள்

ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதுங்கள். அன்றாடம் ஏறுபவர்கள் எத்தனை பேர்? கல்யாணம், காதுகுத்து, பெருநாள் என்று கூட்டமாகக் கிளம்பும்போது எத்தனை பேர்? இரண்டாவது எண்ணைப் பார்த்து ஏழு சீட் வாங்குவது பெரும்பாலும் வீண். வருஷத்துக்கு நாலு தடவை வாடகை வேன் பிடிப்பது அதைவிட மலிவு.

ஆனால் அன்றாடக் கணக்கிலேயே ஒரு சிக்கல் உண்டு. கணவன், மனைவி, இரண்டு சிறுபிள்ளைகள், அப்பத்தா. ஐந்து பேர்தானே, ஐந்து சீட் போதும் என்று தோன்றும். பின்சீட்டில் இரண்டு குழந்தை இருக்கைகளை மாட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றும் சுமார் 44 செ.மீ. அகலம். நடுவில் மிஞ்சும் இடத்தில் ஒரு பெரியவர் மதுரை வரை 110 கி.மீ. உட்கார்ந்து வர முடியாது. ஆக, இரண்டு பிள்ளைகளும் குழந்தை இருக்கையில் உட்காரும் வயதாக இருந்து, பெரியவர் ஒருவரும் தவறாமல் கூட வருகிறார் என்றால் ஆறு அல்லது ஏழு சீட் வண்டி பாருங்கள். மற்றவர்களுக்கு கிரெட்டா, செல்டோஸ், கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், எலிவேட், குஷாக், டைகுன் வகை ஐந்து சீட் வண்டிகளே போதும்.

மூன்று வரிசை என்று முடிவானால் அடுத்த கேள்வி, நடுவரிசை ஒரே பெஞ்சா, தனித்தனி சீட்டா? ஷோரூமில் விற்பனையாளர் நடுசீட்டை மடக்கி, கடைசி வரிசைக்குப் போகும் வழியை அழகாகக் காட்டுவார். அதில் குழந்தை இருக்கை மாட்டியிருந்தால் அந்த சீட் மடங்காது. கடைசி வரிசைக்குப் போக ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்ற வேண்டும். தனித்தனி சீட் என்றால் நடுவில் உள்ள சந்து வழியாகப் பிள்ளைகள் தாங்களே பின்னால் போய்விடுவார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆறு சீட் வகையே வசதி. கடைசி வரிசையை நிமிர்த்தினால் டிக்கியில் பெட்டி வைக்க இடம் இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

2. தெருவை அளங்கள்

ஐந்து சீட் கிரெட்டா 1790 மி.மீ. அகலம், மூன்று வரிசை சஃபாரி 1922 மி.மீ. இரண்டிலும் பக்கக் கண்ணாடிகள் சேராது. அவற்றுக்கு 20 செ.மீ.க்கு மேல் கூட்டிக்கொள்ளுங்கள். கீழக்கரையின் பழைய தெருக்களிலும் ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றிய சந்துகளிலும் இந்த 13 செ.மீ. வித்தியாசம் தெரியும். வீட்டு வாசலில் நிறுத்தியபின் பின்சீட் கதவை முழுதாகத் திறக்க இன்னும் 80 செ.மீ. வேண்டும். அது இல்லையென்றால் குழந்தையைத் தூக்கி வைக்கும்போது இடுப்பு ஒடியும்.

3. பணம்

விளம்பர விலை வேறு, கையை விட்டுப் போகும் விலை வேறு. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள வண்டிக்கு ஆயுள்கால சாலை வரி 18 சதவீதம். எக்ஸ்-ஷோரூம், அதாவது சாலை வரியும் இன்ஷூரன்ஸும் சேராத விலை, 15 லட்சம் என்றால் வரி மட்டும் 2,70,000 ரூபாய். அதற்குமேல் இன்ஷூரன்ஸ், ஒரு சதவீத டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) உண்டு. டிசிஎஸ்ஸை வருமான வரிக் கணக்கில் திரும்ப எடுக்கலாம். 'ஹேண்ட்லிங்' என்று பில்லில் ஒரு தொகை இருந்தால், எதற்கு என்று கேளுங்கள். கேட்டாலே பல இடங்களில் காணாமல் போகும்.

13 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷத் தவணை மாதம் சுமார் 27,000. ஏழு வருஷமாக நீட்டினால் சுமார் 20,900. மாதத் தவணை இறங்கும், ஆனால் மொத்தத்தில் ஏறக்குறைய 1.4 லட்சம் கூடுதலாகக் கட்டுவீர்கள்.

பட்ஜெட் இடிக்கிறதா? 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்குள்ளும் 1200 சிசிக்குள்ளும் அடங்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். மீறினால் 40. பிரெஸ்ஸா நீளத்தில் அடங்கினாலும் இன்ஜின் 1462 சிசி என்பதால் 40-இல் வரும். நெக்ஸான் பெட்ரோல் 18-இல் வரும்.

4. பெட்ரோலா, டீசலா

லிட்டருக்கு பெட்ரோல் 100, டீசல் 92 ரூபாய் என்று வையுங்கள். பெட்ரோல் வண்டி 13 கி.மீ., டீசல் 17 கி.மீ. கொடுத்தால் ஒரு கி.மீ.க்கு மிச்சம் சுமார் 2.30 ரூபாய். டீசலுக்குக் கூடுதலாகக் கொடுத்த ஒன்றரை லட்சம் திரும்பி வர 65,000 கி.மீ. ஓட வேண்டும். வருஷம் 10,000 கி.மீ. ஓடும் குடும்பத்துக்கு இது ஆறரை வருஷம்.

காசை விட முக்கியமான காரணம் வேறு. பிஎஸ்6 என்ற இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரி எரிய வேண்டுமானால் 60 கி.மீ. வேகத்துக்கு மேல் நிற்காமல் 15, 20 நிமிஷம் ஓட்ட வேண்டும். பள்ளிக்கூடம், கடைத்தெரு, வீடு என்று ரெண்டு ரெண்டு கிலோமீட்டராக ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் விளக்கு எரியும். வாரம் ஒருமுறையாவது மதுரை அல்லது தூத்துக்குடி போகிறவர்களுக்கு டீசல் சரி. மற்றவர்களுக்கு பெட்ரோல். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் வண்டிகளின் ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வகை) நல்ல மைலேஜ் தரும். ஆனால் பேட்டரி டிக்கிக்கு அடியில் உட்கார்ந்து 265 லிட்டர் இடம்தான் விடும். பிரசவத்துக்குப் பிள்ளையை அழைத்துவரும் சாமான்களுக்கே அது பத்தாது.

5. பாதுகாப்பு

வண்டியை மோதவிட்டுச் சோதித்துத் தரும் பாரத் என்கேப் மதிப்பெண்ணில் நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். குழந்தைப் பாதுகாப்புக்குத் தனியாக 49-க்கு எத்தனை என்று இருக்கும், அதைப் பாருங்கள். பின்சீட்டின் நடுவிலும் தோள் வழியாக வரும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் கைக்கு எட்டுகிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்பக்கம் பார்த்த இருக்கையில்தான் உட்கார வேண்டும். ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் அந்த இருக்கையை ஒருபோதும் மாட்டக்கூடாது.

சன்ரூஃப் இந்த வெயிலுக்குத் தேவையே இல்லை. அதற்குக் கொடுக்கும் காசில் இரண்டு நல்ல குழந்தை இருக்கைகள் வாங்கலாம். பாம்பன் பாலத்தில் பிள்ளைகள் அதில் தலையை நீட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு மேலும் சொல்ல வேண்டியதில்லை.

6. டெஸ்ட் டிரைவ்

மத்தியானம் 12-க்கும் 2-க்கும் இடையில் போங்கள். வீட்டில் யார் கூட வருவார்களோ அவர்கள் எல்லாரையும் கூட்டிப்போங்கள், குழந்தை இருக்கையையும் எடுத்துப்போங்கள். வண்டியை அரைமணி நேரம் வெயிலில் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு ஏசி போட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு எத்தனை நிமிஷத்தில் காற்று குளிர்கிறது என்று கேளுங்கள்.

தரையிலிருந்து பின்சீட் விளிம்பு வரை டேப் பிடியுங்கள். 60, 65 செ.மீ. என்றால் முட்டிவலி உள்ளவர் முதலில் உட்கார்ந்துவிட்டு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்ளலாம். 75-ஐத் தொட்டால் கைப்பிடியைப் பிடித்துத் தாவித்தான் ஏற வேண்டும், சேலை கட்டியவருக்கு அது பெரும்பாடு. அப்பத்தாவை மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் தடவை "நல்லாத்தான் இருக்கு" என்பார், உண்மை மூன்றாவது தடவைதான் வெளிவரும்.

தரை இடைவெளிக்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம். கிரெட்டாவின் 190 மி.மீ. கூட நம் ஊர்ச் சாலைக்குப் போதும், எலிவேட்டுக்கு 220. ஆனால் எவ்வளவு உயரமானாலும் இவற்றில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை வண்டிகள். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது, அதைவிட்டு மணலில் இறங்கினால் டிராக்டர்தான் வந்து இழுக்க வேண்டும்.

7. உப்பு

உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் கடலோரத்தில் நிற்கும் வண்டியின் அடிப்பாகம் மழையே இல்லாத மாதத்திலும் இரவெல்லாம் நசநசவென்று இருக்கும். துரு முதலில் பிடிப்பது சைலன்சர் இணைப்பு, சக்கர வளைவின் உள்மடிப்பு, டிக்கிக் கதவின் கீழ்விளிம்பு, பேட்டரி முனை.

டெலிவரிக்கு முன் டார்ச் அடித்து இந்த நான்கு இடங்களையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: 3225 என்றால் 2025-இன் 32-வது வாரத்தில் செய்தது. ரொம்பப் பழசானால் வண்டி யார்டில் வெகுநாள் நின்றது என்று அர்த்தம்.

அடிப்பாகக் கோட்டிங்கை வண்டி எடுத்த முதல் வாரத்திலேயே அடித்துவிடுங்கள். ஆறுமாதம் ஓட்டிவிட்டு அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூசியதாகும், துரு மறைவில் வளரும். கதவின் அடியில் சின்னச் சின்ன நீர்த்துளைகள் இருக்கும். அவற்றைக் கோட்டிங் அடைத்திருந்தால் மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கும். ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இங்கே பலர் செய்யும் தப்பு, வீட்டுப் போர் தண்ணீரில் கழுவுவது. அந்தத் தண்ணீரே உவர்ப்பு. காய்ந்ததும் வெள்ளையாகப் பொரிந்தால் கழுவியதில் பயனில்லை. கடைசி அலசலுக்காவது இரண்டு குடம் நல்ல தண்ணீர் வையுங்கள். வாட்டர் வாஷ் கொடுப்பதாக இருந்தால் எந்தத் தண்ணீர் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். மாதம் ஒருமுறை அடியில் பீய்ச்சி அடிப்பது மேல்பக்கப் பளபளப்பைவிட முக்கியம்.

மீன் ஏற்றுகிறவர்கள் டிக்கியில் விளிம்பு உயர்ந்த ரப்பர் டிரே போட வேண்டும். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் உருகி வழியும் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கி, ஸ்டெப்னி வைத்திருக்கும் குழியில் தேங்கும். நாற்றம் வரும்போதுதான் தெரியும், அதற்குள் தகடு பொத்திருக்கும். ஸ்டெப்னியை மாதம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

தூக்கும்போதே அதில் காற்றையும் பார்த்துவிடுங்கள், சீமைக்கருவேல முள்ளுக்கு எப்படியும் தேவைப்படும். ட்யூப்லெஸ் டயரில் முள் நிற்பதைக் கண்டால் அங்கேயே பிடுங்காதீர்கள். காற்று மெதுவாக இறங்குகிறது என்றால் அடைத்து நிற்பதே அந்த முள்தான். 12 வோல்ட் பம்பில் காற்றேற்றி, மெல்ல ஓட்டிப் பஞ்சர் கடையில் போய்ப் பிடுங்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னி மாட்டித்தான் ஆக வேண்டியிருந்து, அது மற்ற டயர்களைவிட மெலிந்த வகையாக இருந்தால் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது.