செல்லப் பிராணியின் உடலைக் கல்லூரிக்குக் கொடுக்க நினைத்தால்

ஒரு மே மாதத் திங்கட்கிழமை, பெரியவர் ஒருவர் தன் லாப்ரடாரை ஆட்டோவில் கொண்டு வந்தார். சனிக்கிழமை ராத்திரி இறந்திருக்கிறது. பிளாஸ்டிக் சாக்கில் கட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தார். வயிறு ஊதி, தொட்டால் முடி கையோடு வந்தது. எடுத்துக்கொள்ள முடியவில்லை. "பசங்க படிக்கட்டும்னுதானே சார் கொண்டு வந்தேன்" என்றார். கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றின் உடற்கூறியல் துறையில் 28 வருஷமாக ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். அவருக்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டியதை எழுதுகிறேன்.

பிராணி உயிரோடு இருக்கும்போதே கல்லூரிக்குப் போன் செய்யுங்கள். எல்லா இடத்திலும் எடுப்பதில்லை. எடுக்கும் இடத்திலும் வைக்க இடம் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இறந்தால் யாரைக் கூப்பிடுவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தத் துறைக்கு என்பதும் முக்கியம். உடற்கூறியலுக்கு வெட்டுப்படாத உடல் வேண்டும். கழுத்துத் தமனியில் குழாய் செருகி, ரத்தத்தை வடித்து, உடல் கெடாமல் இருக்க பார்மலின் என்ற மருந்துக் கரைசலை ஏற்றுவோம். நேரமானால் ரத்தம் கட்டிக்கொள்ளும். மருந்து கால் நுனிவரை போகாது. எதனால் இறந்தது என்று தெரிய வேண்டுமென்றால் நோய்க்குறியியல் துறைக்குக் கொடுங்கள், பிரேதப் பரிசோதனை செய்வார்கள். அப்படித் திறந்த உடலை எங்கள் மேசைக்குக் கொண்டுவந்து பயனில்லை. எலும்புக்கூடு வேண்டுமானால் செய்யலாம்.

இறந்த உடனே மின்விசிறியோ ஏசியோ ஓடும் அறையில், தரையில் கிடத்துங்கள். ஐஸை பிளாஸ்டிக் பையில் போட்டுத் துண்டு சுற்றி, வயிற்றை ஒட்டியும் தொடை இடுக்கிலும் வையுங்கள். பெரிய நாய்க்கு உள்சூடு சீக்கிரம் இறங்காது, அதனால் ஐஸை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். உறைந்தால் திசு கிழிந்துவிடும், நுண்ணோக்கியில் சரியாகத் தெரியாது. சில மணி நேரத்தில் உடல் விறைக்கும், அதற்குள் கால்களை மெதுவாக மடக்கிவிட்டால் வண்டியில் ஏற்றச் சுலபம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வெறிநோய் (ரேபிஸ்) சந்தேகம் இருந்தால், அதாவது நடத்தை மாறி, எச்சில் ஒழுகி, தள்ளாடி இறந்திருந்தால், தொடாமல் முதலில் கால்நடை டாக்டருக்குச் சொல்லுங்கள். அந்த உடலைத் தானமாக யாரும் வாங்க மாட்டார்கள். பார்வோ, டிஸ்டம்பர் போன்ற, நாய்க்கு நாய் தொற்றும் வைரஸ் நோய் என்றாலும் மறைக்காதீர்கள். புற்றுநோய்க்கு ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். உடலோ சாம்பலோ திரும்பக் கிடைக்குமா என்று அப்போதே கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்காது. வீட்டில் எல்லோரும், முக்கியமாகப் பிள்ளைகள், இதைத் தெரிந்து சம்மதிக்க வேண்டும். அப்புறம் இன்னொரு காகிதத்தில் அதன் கதையை எழுதுங்கள்: வயது, தடுப்பூசி, நோய், ஆபரேஷன், சாப்பிட்ட மாத்திரை.

ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் தன் 13 வயது பொமரேனியனோடு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். "ராத்திரியில் இருமுவான். மாடி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவான்" என்று இருந்தது. பேராசிரியர் அதை வகுப்பில் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் கத்தியை எடுக்கச் சொன்னார். இதயத்தைத் திறந்தபோது இடப்பக்க வால்வு ஓரமெல்லாம் தடித்து, முடிச்சு முடிச்சாக இருந்தது. "இதனாலதான் இருமினானா?" என்று ஒரு பெண் கேட்டாள். அன்றைக்குப் பசங்கள் மணியடித்தும் எழுந்திருக்கவில்லை.

மாலை போட்டுக் கொண்டுவரலாம். வேலை தொடங்கும் வரை நான் அதைக் கழற்ற மாட்டேன். கழுத்துப்பட்டையை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இங்கே எண் அட்டைதான் கட்டுவோம்.